ஆங்கிலத்தில் 'ஓர் ஏழை' இல்லை

ஆங்கிலத்தில் 'தி புவர்' என்று சொன்னால் உலகத்து ஏழைகள் அத்தனை பேரும் அதில் அடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒரே ஒருவரைத் தனியாகச் சுட்ட வேண்டும் என்றால்தான் அந்த மொழி திணறுகிறது. 'எ புவர்' என்று எழுத இலக்கணம் இடம் கொடுக்காது. 'புவர் மேன்', 'புவர் வுமன்', 'புவர் பெர்சன்' என்று இன்னொரு பெயர்ச்சொல்லைத் துணைக்கு அழைத்தாக வேண்டும். அழைத்த பிறகும் பொருள் தெளிந்துவிடுவதில்லை. 'புவர் மேன்' என்பது கையில் காசில்லாதவரையும் குறிக்கும், 'பாவம் அந்த மனிதர்' என்ற இரக்கத்தையும் குறிக்கும். பட்டு மெத்தையில் படுத்துப் பல்வலியால் துடிக்கும் கோடீஸ்வரரையும் ஆங்கிலத்தில் தாராளமாக 'புவர் மேன்' எனலாம். தமிழில் 'ஓர் ஏழை' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடுகிற காரியம் இது.

ஒருவரை மட்டும் குறிக்கும் ஒற்றைப் பெயர்ச்சொற்கள் அங்கே இல்லாமல் இல்லை. 'பாப்பர்' உண்டு, 'பெகர்' உண்டு, 'வேக்ரன்ட்' உண்டு, 'ரெச்' உண்டு. ஆனால் இவற்றில் ஒன்றுகூடப் பணம் இல்லாதவர் என்ற செய்தியோடு நிற்பதில்லை. முதலாவது, ஊர்ப் பணத்தில் உதவி பெறுவோர் பட்டியலில் பெயர் ஏறியவரைச் சொல்கிறது, இரண்டாவது, கையேந்துகிறவரை, மூன்றாவது, இருக்க இடமில்லாமல் திரிவதாலேயே சட்டத்தின் முன் குற்றவாளியாகிவிட்டவரை, நான்காவது, இரங்கத்தக்கவனா இழிந்தவனா என்று சொல்பவருக்கே முடிவாகாத ஒருவனை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருப்பதால் இந்தச் சொற்கள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அகராதிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வரிசையைத் தருகின்றன. ஏழை, வறியவன், இரவலன், பஞ்சை. அந்த வரிசையால் எனக்குப் பெரிய பயன் இருந்ததில்லை. இந்தச் சொல்லை யார், யாரைப் பற்றி, எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்று கேட்டுப் பார்த்தால்தான் வழி பிறக்கிறது. அப்படிக் கேட்கத் தொடங்கியதில் எனக்கு ஒன்று புலப்பட்டது: தன் இல்லாமையைத் தானே சொல்லிக்கொள்வதற்கு ஒரு தொகுதிச் சொற்களும், அடுத்தவருடைய இல்லாமையை அவர் மேல் எழுதி ஒட்டுவதற்கு வேறொரு தொகுதியும் ஆங்கிலத்தில் தனித்தனியாக வளர்ந்திருக்கின்றன, ஒன்றின் சொல் மற்றதற்குள் நுழைவது அபூர்வம்.

'புவர்' இங்கிலாந்தின் சொந்தச் சொல் அன்று. 1066-இல் நார்மானியர் அந்த நாட்டைப் பிடித்த பிறகு, அவர்கள் பேசிய பிரெஞ்சின் வழியாக உள்ளே வந்தது. அதற்கு முன் பழைய ஆங்கிலத்தில் 'எயர்ம்' என்றொரு சொல் இருந்தது. அதன் உடன்பிறப்பான 'ஆர்ம்' ஜெர்மன் மொழியில் இன்றும் ஏழையைக் குறித்துக்கொண்டு நலமாக வாழ்கிறது. இங்கிலாந்தில் அது மறைந்தேபோயிற்று. நிலத்தை இழந்த மக்கள், நிலத்தை இழந்தவன் என்பதற்கான சொல்லையும் அதைப் பறித்தவர்களிடமிருந்தே வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குத் தாய் லத்தீன் மொழியின் 'பௌப்பெர்'. 'குறைவாக ஈனுவது' என்பது அதன் அடிப்பொருள் என்று சொல்லாய்வாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். விளைச்சல் போதாத மண்ணுக்கு நன்றாகப் பொருந்தும் பொருள் அது. 'புவர் சாயில்' என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்கிறார்கள். மண்ணுக்கும் மனிதனுக்கும் போதாமல், சொல் அதற்குமேலும் பரவியது. தரமற்ற வேலை 'புவர் வொர்க்', மறதி 'புவர் மெமரி', பிரிட்டிஷ் பேச்சில் உடம்புக்கு முடியாதவர் 'புவர்லி', இறந்துபோன தந்தையை நினைத்துப் பேசும்போது 'மை புவர் ஃபாதர்'. காசின்மை, தரமின்மை, வலுவின்மை, உயிரின்மை ஆகிய நான்கும் ஒரே சொல்லில் குடித்தனம் நடத்துகிற மொழியில், ஒருவரை 'புவர்' என்றவுடன் அவர் எதிலெல்லாம் குறைந்தவர் என்ற ஐயம் கேட்பவர் மனத்தில் தானாகவே எழும்.

அதே லத்தீன் சொல் இரண்டாம் முறை நீதிமன்ற வாசல் வழியாக வந்தது. 1495-இல், ஏழாம் ஹென்றியின் காலத்தில், வழக்காடக் கட்டணம் கட்ட இயலாதவர்கள் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கலாம் என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அப்படி வருகிறவர் 'இன் ஃபார்மா பாப்பெரிஸ்', அதாவது ஏழை என்ற முறையில் வழக்காடுகிறார் என்று ஏட்டில் எழுதினார்கள். 'பாப்பர்' என்ற ஆங்கிலச் சொல் இந்தத் தொடரிலிருந்து பிரிந்து வந்ததுதான். ஓர் உரிமையின் பெயராகப் பிறந்த அது, அடுத்த முந்நூறு ஆண்டுகளில் என்னவாயிற்று என்பதற்கு இங்கிலாந்தின் வறியோர் சட்டங்களைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சட்டங்கள் ஏழைகளை முதலில் இரண்டாகப் பிரித்தன: உழைக்க முடியாதவர், உழைக்க முடிந்தும் உழைக்காதவர். முடிந்தும் கிடைக்காதவர் என்ற மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள அந்த நாட்டுக்கு நெடுங்காலம் பிடித்தது. முதல் வகையினருக்குச் சட்டத்தில் 'இம்பொட்டன்ட்' என்று பெயர். இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலும் ஆண்மைக்குறைவுதான் நினைவுக்கு வரும். அன்று அதற்கு வலுவற்றவர் என்பதே பொருள். 1531-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வலுவற்றவர் என்று நீதிபதி ஒப்புக்கொண்டால், இன்ன எல்லைக்குள் பிச்சை எடுக்கலாம் என்று எழுத்தில் உரிமம் கிடைக்கும். வலுவுள்ளவர் கையேந்தினால் வண்டியின் பின்புறத்தில் கட்டி, ஆடையைக் களைந்து, உடம்பில் ரத்தம் வரும்வரை சவுக்கால் அடிக்க வேண்டும். 1547-இல் அதுவும் போதாதென்று, வேலை செய்ய மறுத்துத் திரிபவனின் மார்பில், நாடோடியைக் குறிக்கும் 'வேகபாண்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தான 'வி'யைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்து, அவனைக் காட்டிக்கொடுத்தவருக்கே இரண்டு ஆண்டு அடிமையாக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். 1550-இல் அதைக் கைவிட்டார்கள். இத்தகையவனுக்கு வழங்கிய பெயர் 'ஸ்டர்டி பெகர்'. 'ஸ்டர்டி' என்பது பலமானது, உறுதியானது என்று மேசை நாற்காலிகளைப் புகழ்வதற்கு இப்போது பயன்படும் சொல்.

ஆகவே பலவீனம் என்பது அங்கே ஒரு சான்றிதழாக இருந்தது. நடக்க முடியாதவர், பார்வையற்றவர், முதியவர் என்ற பட்டியல் 1601-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற எலிசபெத் காலச் சட்டத்திலும் இருக்கிறது. அவர்களைக் காக்கும் பொறுப்பைச் சட்டம் திருச்சபைப் பங்கு எனப்படும் ஒவ்வொரு ஊர்ப்பிரிவின் மேலும் சுமத்தி, அதற்காக வரி தண்டவும் அதிகாரம் கொடுத்தது. நல்ல ஏற்பாடுதான், ஐரோப்பாவின் பல பகுதிகளில் அன்று இது கிடையாது. ஆனால் உதவி வேண்டுமானால் முதலில் உன் இயலாமையை நிரூபி என்ற நிபந்தனை அதனோடு கூடவே வந்தது. நோயாளியைக் குறிக்கும் 'இன்வலிட்' என்ற சொல்லும், செல்லாத சீட்டைக் குறிக்கும் 'இன்வேலிட்' என்ற சொல்லும் எழுத்தில் ஒன்றே, அழுத்தம் மட்டும் வேறு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சான்றிதழ் ஏற்பாடு நினைவுக்கு வருகிறது. போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'ஹேண்டிகேப்' என்ற சொல் தொப்பியைக் கையில் நீட்டிப் பிச்சை கேட்டவர்களிடமிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள், அது கட்டுக்கதை. தொப்பிக்குள் கைவிட்டுப் பந்தயப் பணத்தை வைக்கும் ஒரு பண்டமாற்று விளையாட்டிலிருந்து புறப்பட்டு, குதிரைப் பந்தயத்துக்குப் போய், வேகமான குதிரையின் மேல் கூடுதல் எடை ஏற்றுவதைக் குறித்து, அதற்கும் பிறகுதான் அது மனித உடலின் குறைக்கு வந்து சேர்ந்தது. கதையை நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த வகைச் சொல் எதைக் கண்டாலும் அதன் வேரில் ஒரு பிச்சைக்காரர் நின்றுகொண்டிருப்பார் என்று எதிர்பார்க்கும்படி அந்த மொழியே நம்மைப் பழக்கியிருக்கிறது.

எழுதி ஒட்டுவது என்று மேலே சொன்னதை உருவகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1697-இல் இயற்றிய ஒரு சட்டம், ஊர்ப்பிரிவின் உதவியைப் பெறும் ஒவ்வொருவரும், அவருடைய மனைவியும் பிள்ளைகளும்கூட, மேலாடையின் வலத் தோள்பட்டையில் ஓர் அடையாளத்தைப் பிறர் கண்ணில் படும்படி அணிய வேண்டும் என்றது. சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய பெரிய ரோமானிய எழுத்து 'பி'. அதனோடு அந்த ஊர்ப்பிரிவுப் பெயரின் முதல் எழுத்து. 'பி' என்பது 'புவர்' அல்லது 'பாப்பர்', எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அணிய மறுத்தால் உதவியைக் குறைக்கலாம், நிறுத்தலாம், சீர்திருத்தச் சிறைக்கு அனுப்பிச் சவுக்கடி கொடுக்கலாம். எல்லா ஊர்களிலும் இதை ஒழுங்காக நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 1810 வரை அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது. ஒரு தாய் தன் குழந்தையின் சிறிய சட்டையில் அந்த எழுத்தைத் தைக்கும்போது எந்த நிற நூலைத் தேர்ந்தெடுத்திருப்பாள் என்று நான் யோசித்திருக்கிறேன். துணியின் நிறத்தைச் சட்டம் சொல்லிவிட்டது. நூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

1834-இல் வறியோர் சட்டத்தைத் திருத்தியபோது துணி எழுத்துக்குப் பதிலாகக் கட்டடம் வந்தது. உடல்வலு உள்ளவருக்கு உதவி வேண்டுமென்றால் அவர் வொர்க்ஹவுஸ் என்னும் வேலை இல்லத்துக்குள் போக வேண்டும். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வெளியே உழைத்துப் பிழைக்கும் மிகத் தாழ்ந்த நிலைக் கூலிக்காரரின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவரின் வாழ்க்கை விரும்பத்தகாததாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே வகுத்து, அதற்கு 'லெஸ் எலிஜிபிலிட்டி' என்று பெயரும் வைத்தார்கள். 'பாப்பர்' என்ற சொல் இந்தக் கட்டடத்துக்குள்தான் முழுதாக இறுகியது. உள்ளே இருப்பவருக்கு அது பெயர். வெளியே இருப்பவருக்கு அது பயம். உதவி பெறுபவருக்கு வாக்குரிமை கிடையாது என்ற தடை 1918-இல்தான் நீங்கியது. வேலை இல்லத்தில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அந்த இல்லத்தின் பெயரை எழுதாமல், ஏதோ ஒரு சாதாரண வீடு போலத் தெருப் பெயரும் கதவு எண்ணும் மட்டும் எழுதலாம் என்று 1904-இல் பதிவுத்துறை ஏற்பாடு செய்தது. அந்தச் சான்றிதழை வாழ்நாள் முழுவதும் பள்ளியிலும் வேலைக்குச் சேரும் இடத்திலும் நீட்ட வேண்டியவர்களுக்கு அந்த ஒரு வரி எத்தனை பெரிய நிம்மதியாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு சொற்பிரிவினை வேலை செய்தது. 'பாவர்ட்டி' வேறு, 'இன்டிஜென்ஸ்' வேறு என்று அக்காலச் சிந்தனையாளர்கள் வரையறுத்தார்கள். லண்டனில் நீதிபதியாக இருந்த பேட்ரிக் கஹூன் 1806-இல் இதை ஒளிவுமறைவின்றி எழுதினார்: உழைத்தால் மட்டுமே சோறு என்ற நிலைதான் 'பாவர்ட்டி', அது சமூகத்துக்கு அவசியமானது, அது இல்லாவிட்டால் உழைப்பு இல்லை, உழைப்பு இல்லாவிட்டால் செல்வம் இல்லை, உழைத்தும் பிழைக்க முடியாத 'இன்டிஜென்ஸ்' மட்டுமே தீமை. வறுமையைப் போக்குவது அந்தச் சட்டங்களின் நோக்கமாக இருந்ததில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. வறுமை அப்படியே இருக்க வேண்டும், வரிப்பணத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வெளியே, வெறும் பேச்சு வழக்கில், சொற்கள் தாமாகவே சரிந்த கதைகளும் உண்டு. இவற்றில் 'ரெச்' எனக்கு மிகவும் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் 'வ்ரெக்கா' என்றால் ஊரைவிட்டு விரட்டப்பட்டவன், நாடு கடத்தப்பட்டவன். ஊரிழந்தவன் துயரப்படுவான், துயரப்படுபவன் இரங்கத்தக்கவன், இரங்கத்தக்கவன் கொஞ்ச காலத்தில் அருவருக்கத்தக்கவனாகிவிட்டான். அதே வேரிலிருந்து ஜெர்மன் மொழியில் கிளைத்த 'ரெக்கெ' மாவீரனைக் குறிக்கிறது. ஊரைவிட்டுத் தனியே திரிபவனைக் கண்டு ஒரு மொழி வியந்தது, அதன் தங்கை மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டது. லத்தீன் மொழியில் சிறைப்பட்டவனைக் குறித்த 'காப்டிவுஸ்' இதைவிட விநோதமாகச் சிதறியது: பிரெஞ்சில் 'ஷெதிஃப்' ஆகி நோஞ்சானைக் குறித்தது, இத்தாலியனில் 'கத்தீவோ' ஆகிக் கெட்டவனைக் குறித்தது, ஆங்கிலத்தில் 'கேட்டிஃப்' ஆகிக் கோழைத்தனமான கயவனைக் குறித்தது. சிறைப்பட்டவன் பலவீனமானான், பலவீனமானவன் கெட்டவனானான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 'நாட்டி' முதலில் 'நாட்', அதாவது ஒன்றுமில்லாமை உடையவரைக் குறித்தது, பிறகு தீயவரை, இப்போது நாற்காலி மேல் ஏறிக் குதிக்கும் குழந்தையை. 'ஃபீபிள்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு 'அழத்தக்கது' என்று பொருள். 'மீன்' பொதுவானவர், சாதாரணமானவர் என்பதிலிருந்து தாழ்ந்தவராகி, பிறகு கருமியாயிற்று. 'மைசர்' துன்பப்படுபவனாகத் தொடங்கிப் பணத்தைப் பூட்டி வைப்பவனாக முடிந்தது. 'சில்லி' மட்டும் சற்று நிறுத்திப் பார்க்கத்தக்கது. அது பேறுபெற்றவர் என்ற உயர்ந்த பொருளில் தொடங்கி, கள்ளமற்றவர், பரிதாபத்துக்குரியவர், வலுவற்றவர் என்று படிப்படியாக இறங்கி, முட்டாள் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது. நம்முடைய 'ஏழை' இதற்கு நேர் எதிர்த்திசையில் பயணம் செய்த சொல். பழந்தமிழில் அது அறிவில்லாதவனைக் குறித்தது, பிற்காலத்தில்தான் பொருளில்லாதவனைக் குறிக்க வந்தது. திசை எதுவானாலும் இரண்டு மொழிகளும் ஒரே தெருவில்தான் நடந்திருக்கின்றன என்பது நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான செய்தி அன்று.

இனி மற்றத் தொகுதிக்கு வரலாம். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சொற்கள் முற்றிலும் வேறு குரலில் ஒலிக்கின்றன. 'ஐ அம் ப்ரோக்' என்பதில் வெட்கம் அதிகமில்லை; சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது அது. 'உடைந்துபோனேன்' என்பது அதன் நேர்ப்பொருள். அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'ஃப்ளாட் ப்ரோக்', 'ஸ்டோனி ப்ரோக்'. 'ஸ்கின்ட்' என்றால் தோல் உரிக்கப்பட்ட நிலை. லண்டனின் காக்னி மக்கள் எதுகைக்கு எதுகை வைத்து மறைமொழி பேசுவதில் வல்லவர்கள். 'ஸ்கின்ட்' என்பதற்கு ஒலி ஒத்துப்போக 'போராசிக் லின்ட்' என்ற மருந்திட்ட கட்டுத்துணியின் பெயரைப் பிடித்தார்கள், பிறகு 'லின்ட்' என்பதையும் உதறிவிட்டார்கள், மிஞ்சிய 'போராசிக்' வாயில் புரண்டு 'ப்ராசிக்' ஆயிற்று. தோலை உரித்த காயத்துக்குக் கட்டுத்துணி என்ற பொருத்தம் தற்செயலாக அமைந்ததா, குறும்பாக அமைத்ததா என்று சொல்லத் தெரியாவிட்டாலும், அதைச் சொல்லிச் சிரிக்கும் மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தத் தொகுதியில் உடைக்கும் செருப்புக்கும் தனி இடம் உண்டு. குதிகால் தேய்ந்தால் 'டவுன் அட் ஹீல்'. முழங்கையில் சட்டை கிழிந்தால் 'அவுட் அட் எல்போஸ்'. அடித்தோல் முழுவதும் தேய்ந்துபோய் மேல்தோல் மட்டும் எஞ்சியிருக்கும் காலணியோடு நடந்தால் 'ஆன் ஒன்ஸ் அப்பர்ஸ்'. இவற்றை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். செருப்பு தேய்வதற்கு முதலில் செருப்பு இருக்க வேண்டும். இந்தத் தொடர்கள் அத்தனையும் ஒரு காலத்தில் நன்றாக உடுத்திக்கொண்டிருந்தவரின் சரிவைச் சொல்கின்றன. பிறந்தது முதல் வெறுங்காலோடு நடந்தவருக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. 'டவுன் ஆன் ஹிஸ் லக்' என்ற தொடரும் அப்படித்தான். அதைச் சொல்பவர், அந்த மனிதருக்குச் சொந்தமாக ஓர் அதிர்ஷ்டம் உண்டு என்றும், அது இப்போதைக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றும், மறுபடி ஏறும் என்றும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறார். தலைமுறை தலைமுறையாக இல்லாதவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதிர்ஷ்டத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல் 'ஹேப்'. 'ஹேப்பி' அதிலிருந்து வந்ததுதான், 'ஹேப்லெஸ்' அதிலிருந்து வந்ததுதான். மகிழ்ச்சியும் விதி, அவலமும் விதி என்று ஒரே வேரில் வைத்த அதே மொழிதான், தோளில் எழுத்தைத் தைத்து இது உன் குற்றம் என்றும் சொன்னது.

சரிந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைச் சட்டமே பாதுகாத்தது என்பதற்குத் திவால் சட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 'பேங்க்ரப்ட்' என்ற சொல் இத்தாலிய வணிகர்களிடமிருந்து வந்தது. உடைந்த பலகை என்று பொருள். இங்கிலாந்தின் முதல் திவால் சட்டம் 1542-இல் வந்தபோது கடனாளியைக் குற்றவாளியாகத்தான் பார்த்தது. ஆனால் 1571 முதல், திவாலாகும் உரிமை வணிகருக்கு மட்டுமே என்று வரம்பு கட்டினார்கள். 1705-இல், சொத்தை ஒளிக்காமல் ஒப்படைக்கும் வணிகருக்குக் கடனிலிருந்து விடுதலையும் கிடைக்கும் என்றார்கள். வணிகர் அல்லாதவருக்கு இந்த வாசல் 1861-இல்தான் திறந்தது. அதுவரை திவாலாவதற்கே ஒரு தகுதி வேண்டியிருந்தது. அந்தத் தகுதி இல்லாதவர் கடனைக் கட்ட முடியாவிட்டால் சிறைக்குப் போனார். கடற்படையின் சம்பளக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஜான் டிக்கன்ஸ், ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டுச் சொச்சத்துக்காக 1824-இல் லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைபட்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான அவருடைய மகன் சார்ல்ஸ் அப்போது 12 வயதுச் சிறுவன், காலணி மை ஆலையில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். கடனுக்குச் சிறை என்ற முறை பெரும்பாலும் ஒழிந்தது 1869-இல். வணிகர்களோ இதற்குள் தங்கள் வீழ்ச்சிக்கு நாகரிகமான முகவரிகளையே கண்டுபிடித்துவிட்டார்கள். நகரத்தின் எந்த வரைபடத்திலும் இல்லாத 'க்வீர் ஸ்ட்ரீட்' என்ற தெருவில் இருக்கிறேன் என்றால் பணமுடை. லண்டனில் திவால் நீதிமன்றம் இருந்த 'கேரி ஸ்ட்ரீட்' வரைக்கும் போய்விட்டேன் என்றால் எல்லாம் முடிந்தது.

நிலையான ஏழைகளும் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு, அமெரிக்காவின் ரயில் பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பிறகும் சரக்கு வண்டிகளில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் தங்களுக்குள் கறாரான ஒரு வகைப்பாட்டை வைத்திருந்தார்கள். வேலை தேடி அலைபவன் 'ஹோபோ'. அலைவான், ஆனால் முடிந்தவரை வேலை செய்யமாட்டான் என்றால் 'ட்ராம்ப்'. அலையவும் மாட்டான், வேலையும் செய்யமாட்டான் என்றால் 'பம்'. வெளியிலிருந்து பார்த்த காவலருக்கு மூவரும் ஒன்றுதான். இங்கிலாந்தின் 1824-ஆம் ஆண்டு நாடோடிச் சட்டத்திலும் இப்படியொரு மூன்றடுக்கு இருந்தது, சோம்பித் திரிபவர், போக்கிரியும் நாடோடியும், திருந்தாப் போக்கிரி என்று. அது தண்டனையின் ஏணி. ஹோபோக்களின் வகைப்பாட்டில் அளவுகோல் வேறு, அதை வைத்திருந்த கையும் வேறு. 'ஹோபோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எந்த அகராதியும் உறுதியாகச் சொல்லவில்லை. சட்டம் ஒட்டிய பெயர்களையோ சட்டப் புத்தகத்தில் தேதியோடு எடுத்துவிடலாம்.

இன்றைய ஆங்கிலம் இந்தப் பழைய பெயர்களைக் கண்டு கூசுகிறது. 'அண்டர்பிரிவிலெஜ்ட்', 'டிசட்வான்டேஜ்ட்', 'லோ இன்கம்' என்று வரிசையாக வந்த சொற்களுக்குப் பின்னால் நல்லெண்ணம் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் மொழிபெயர்க்கும்போது இவைதான் எனக்கு அதிகத் தொல்லை தருகின்றன, ஏனெனில் இவற்றில் யாரும் எதையும் செய்வதில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்டவர் என்று நான் எழுதினால், மறுத்தது யார் என்ற கேள்வி தமிழில் உடனே எழுகிறது. ஆங்கில மூலத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த அறிக்கையில் மிகவும் மோசமான நிலையிலிருந்த குடும்பங்களை 'பசியோடு கூடிய உணவுப் பாதுகாப்பின்மை' என்ற தலைப்பில் வைத்திருந்தார்கள். 2006-இல் அதை 'மிகக் குறைந்த உணவுப் பாதுகாப்பு' என்று மாற்றினார்கள். பசி என்பது தனிமனிதரின் உடல் உணர்வு, நமது கணக்கெடுப்போ குடும்பத்தின் நிலையை அளக்கிறது என்று வல்லுநர்கள் சொன்ன காரணம் தர்க்கப்படி சரியானதே. அறிக்கையைப் படிப்பவருக்கு நேர்ந்தது என்னவென்றால், பசி என்ற சொல் அந்தத் தலைப்பிலிருந்து காணாமல்போயிற்று. இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. வேலையற்றோருக்குத் தரும் உதவித்தொகையை பிரிட்டனில் 'டோல்' என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் பங்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. தனக்குச் சேர வேண்டிய பங்கை வாங்குவது என்பதில் அவமானம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் 'ஆன் த டோல்' என்று அங்கே யாரும் உரக்கச் சொல்லிக்கொள்வதில்லை.

'பாப்பர்' மட்டும் தான் பிறந்த இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1961-இல் ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் மேல் வழக்கு வந்தது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் பணம் இல்லை, ஆகவே எனக்கு ஒருவரை அமர்த்தித் தாருங்கள் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில்தான் அது முடியும் என்று நீதிபதி மறுத்தார். ஐந்து ஆண்டுத் தண்டனை கிடைத்தது. கிடியன் சிறையில் கொடுத்த தாளில் பென்சிலால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார், 'இன் ஃபார்மா பாப்பெரிஸ்' என்று குறிப்பிட்டு. நூற்றாண்டுகளாகப் பிறர் மேல் ஒட்டுவதற்கே பயன்பட்ட சொல்லை, 1495-இல் அது இருந்த அதே இடத்துக்குக் கொண்டுபோய், கட்டணம் கட்ட முடியாதவன் நான், எனக்குரியதைக் கேட்கிறேன் என்று தன்மை ஒருமையில் அவர் பயன்படுத்தினார். நீதிமன்றம் அவருக்காக வாதாட ஏப் ஃபோர்டாஸ் என்ற வழக்கறிஞரை அமர்த்தியது. கடுங்குற்ற வழக்கில் வசதியற்றவருக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தந்தாக வேண்டும் என்று 1963 மார்ச் 18 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறுவிசாரணையில் கிடியன் ஆகஸ்டில் விடுதலையானார். கட்டணம் கட்ட இயலாதோரின் மனுக்கள் அந்த நீதிமன்றத்தில் இன்றும் அதே லத்தீன் தொடரின் கீழ்தான் பதிவாகின்றன.